படம் பார்க்க வராதவர்கள்

ஜனவரி 6, திங்கள்

இந்தப் பருவத்தில் புதுப் பாடம்: வணிக ஆராய்ச்சி முறைகள். எடுப்பவர் உலகம்மை மேடம். முனைவர் பட்டம் முடித்து இந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். எங்களைவிட ஏழெட்டு வயது கூட இருந்தால் அதிகம். உள்ளே வந்ததும் போர்டில் ஒரே ஒரு வரி எழுதினார்: "உங்களுக்கு எது தெரியாது?" வகுப்பு முடியும்வரை அதைப் பற்றியே பேசினோம். அதாவது, மற்றவர்கள் பேசினார்கள். எம்.பி.ஏ. சேர்ந்து ஒன்றரை வருடத்தில் மணி அடித்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தது இன்றுதான்.

ஆளுக்கொரு நாட்குறிப்பு வைத்துக்கொள்ள வேண்டுமாம். கண்டது, கேட்டது, குழம்பியது எல்லாம் அதில் வரலாம். மதிப்பெண் கிடையாது, தானும் வாங்கிப் படிக்க மாட்டேன் என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும் சடங்கு என் வரிசையை நெருங்கியபோது தண்ணீர் குடிக்க வெளியே போனேன். திரும்பி வந்தபோது அது பின்வரிசைக்குப் போயிருந்தது.

வீட்டில் மோட்டார் மக்கர். அப்பாவும் நானும் கழற்றி மாட்டினோம். ஓடுகிறது, ஆனால் புதுச் சத்தம் ஒன்று கேட்கிறது.

ஜனவரி 9, வியாழன்

இரண்டிரண்டு பேராகக் குழு பிரித்துவிட்டார்கள். என் ஜோடி ஜெனிஷா. தூத்துக்குடிக்காரி. வகுப்பில் அவள் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"பேச்சி, ஒண்ணு வெளிப்படையா சொல்லிருதேன். நீ திக்குவேன்னு எல்லாத்துக்கும் தெரியும். அதுக்காகத் தண்ணி குடிக்க ஓட வேண்டாம், என்ன? பேசுத வேலைய நான் பாத்துக்கிடுதேன். கணக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் உன் தலையில. சரியா?"

தலையாட்டினேன். இதை இங்கே எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். அவளே சொன்ன பிறகு மறைத்து என்ன பயன்? ஆமாம், திக்கும். பகர வரிசை ரொம்ப மோசம். வீட்டில் பேச்சியம்மனுக்கு நேர்ந்துகொண்டு பேச்சிமுத்து என்று பெயர் வைத்தார்கள். நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவருக்கு வேறு சோலி வந்துவிடும். இந்தப் பாடத்தில் எங்கே தொட்டாலும் அந்த எழுத்துதான்: பாப்புலேஷன், பைலட் ஸ்டடி, ப்ராபபிலிட்டி, பி வேல்யூ. எவரோ என்னை நினைத்தே பாடத்திட்டம் போட்டிருக்கிறார்.

ஜனவரி 15, புதன்

பொங்கலுக்கு மாமா சென்னையிலிருந்து வந்திருந்தார். அம்பத்தூரில் அவருக்குத் தெரிந்த கம்பெனியில் எனக்கு வேலை சொல்லி வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரி பில்களைக் கணினியில் ஏற்றும் வேலை. "பேசவே வேண்டாம் மருமவனே. ஸ்கிரீனப் பாத்து டைப் அடிச்சா போதும். மே மாசம் வந்து சேந்துரு" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில். நல்ல வேலைதான்.

ஜனவரி 21, செவ்வாய்

ஆய்வுக்கு இடம் கிடைத்துவிட்டது! சினிமா தியேட்டர்!

ஜெனிஷாதான் பேசிப் பிடித்தாள். பாளையங்கோட்டையில் மரகதம் தியேட்டர். முதலாளி இசக்கியப்பன் அண்ணாச்சி போன வருடம்தான் நிறையச் செலவழித்துப் புதுசாக்கியிருக்கிறார். சாய்வு நாற்காலி, புதுத் திரை, போனிலேயே டிக்கெட். வார இறுதியில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் வார நாள் மத்தியானக் காட்சியில் ஈ ஓட்டுகிறார்கள்.

"முன்னாடி மேட்னிக்குப் பொம்பளையளா வருவாவம்மா. அரை தியேட்டர் ரொம்பிரும். இப்ப ஏசிய போடவா அமத்தவான்னு ஆப்பரேட்டர் கேக்கான். டிக்கெட்ட ஏத்துனோம்லா, அதான் வர மாட்டக்காவ. வேற என்ன?" என்றார் அண்ணாச்சி.

அதுதான் எங்கள் கருதுகோள். விலை கூடியது, பெண்கள் நின்றார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே ஜெனிஷா கேள்வித்தாளைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஏறவேண்டிய பஸ்ஸை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

ஜெனிஷா இன்று மஞ்சள் சுடிதார். இது தரவு அல்ல.

ஜனவரி 30, வியாழன்

ஒரு வாரமாக இடைவேளைதோறும் பாப்கார்ன் வரிசையில் நின்று இருநூறு பேரிடம் கேட்டாயிற்று. கேட்டவள் அவள், தாள் நீட்டியவன் நான். ராத்திரி கணினியில் ஏற்றி ஓட்டினேன். விலைக்கும் வருகைக்கும் சம்பந்தமே இல்லை என்று வருகிறது! கருதுகோள் காலி. வருத்தப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றிருந்தது. ஊரே நம்புகிற ஒன்று பொய் என்பது இந்தத் திரையில் எனக்கு மட்டும் தெரிகிறது!

ஜனவரி 31, வெள்ளி

மேடம் எங்கள் அட்டவணையைப் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டார்:

"இத யார்ட்ட கேட்டீங்க?"

"தியேட்டருக்கு வந்தவங்ககிட்ட மேடம்" என்றாள் ஜெனிஷா பெருமையாக.

"வராதவங்க ஏன் வரலன்னு வந்தவங்ககிட்ட கேட்டிருக்கீங்க."

ஜெனிஷா மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. இருநூறு பேர்! விலை கட்டுப்படியாகிறவர்கள்தானே உள்ளே உட்கார்ந்திருப்பார்கள்! இவ்வளவு பெரிய ஓட்டையை இரண்டு பேரும் பார்க்கவில்லை. மேடமும் சிரித்துவிட்டார். "எல்லாரும் செய்யுற தப்புதான். போய் வராதவங்களத் தேடுங்க. தாள் வேண்டாம். ஒக்காந்து பேசுங்க."

பேசுங்கள் என்றால் ஜெனிஷா. நல்லவேளை.

பிப்ரவரி 7, வெள்ளி

நல்லவேளை போயே போய்விட்டது. இருநூறு பேரிடம் கத்தியதில் ஜெனிஷாவுக்குத் தொண்டை கட்டி, ஒரு சொல் வெளியே வரவில்லை. டாக்டர் ஒரு வாரம் பேசக்கூடாது என்றிருக்கிறார். நாளைக்குத் தியேட்டருக்குப் பின்னால் இருக்கிற தெருக்களில் பேட்டி. தள்ளிப்போடலாமா என்று செய்தி அனுப்பினேன். "நீ கேளு. நான் கூட இருக்கேன்" என்று பதில் வந்தது.

அம்மா ரேஷன் கடைக்குப் போகச் சொன்னாள். போனேன். பருப்பு வரவில்லை.

பிப்ரவரி 8, சனி

எங்கிருந்து ஆரம்பிப்பது!

முதல் இரண்டு வீட்டில் வழக்கம்போல்தான் ஆயிற்று. நான் வாயைத் திறப்பதற்குள், "பணம் வசூலா? அவிய வீட்ல இல்ல" என்று கதவு சாத்தப்பட்டது. மூன்றாவது வீடு சண்முகவடிவு அம்மாவுடையது. ஐம்பது தாண்டியவர். கணவர் மின்வாரியத்தில் இருக்கிறார், மகன் வங்கியில். கல்லூரி அட்டையைக் காட்டியதும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார். ஜெனிஷா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, என்னைக் காட்டினாள்.

"ப... ப... படத்துக்கு ஏம்மா இப்ப போறதில்ல?"

எப்படியோ கேட்டுவிட்டேன். அவர் உடனே சொன்னார். "வெலை கூடிப்போச்சுல்லா."

எழுதிக்கொண்டேன். அடுத்த கேள்விக்கும் முதல் எழுத்து அதே எழுத்து. வரவில்லை. உதடு ஒட்டிக்கொண்டது. கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் மோர் டம்ளரைப் பார்த்தேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஜெனிஷாவுக்குப் பேச்சு வந்திருந்தால் அந்த இடத்தில் கட்டாயம் எடுத்துக் கொடுத்திருப்பாள். அந்த அம்மா என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு தானாகவே ஆரம்பித்தார்.

"வெலை மட்டும் இல்ல தம்பி. வெலைய ஏன் சொல்லணும், நாங்க நகைக்கடைக்குப் போறோம், பட்டெடுக்கப் போறோம். முன்னாடி இந்தத் தெருவுல நாங்க நாலு பேரு. மத்தியானம் சோறு பொங்கி வச்சிட்டு நெனச்சா கெளம்பிருவோம். கவுண்டர்ல காசக் குடுத்தா டிக்கெட்டு. இப்ப கவுண்டரு பூட்டிக் கெடக்கு, எல்லாம் போன்லதான்னுட்டாவ. என் போன்ல பேசத்தான் முடியும். அப்ப மவன்ட்ட கேக்கணும். அவன் தங்கமான பிள்ளதான். எடுத்துத் தருவான். ஆனா என்ன படம்மா, யார்கூடம்மா, அது நல்லாருக்காதேம்மா, சாயந்தரத்துக்குள்ள வந்துருவியான்னு கேப்பான். இத்தன வயசுக்கப்புறம் ஒரு படம் பாக்க மவன்ட்ட போய்க் கேட்டு நிக்கணுமான்னு தோணிட்டு. விட்டுட்டேன்."

கையெழுத்து கோணல்மாணலாகப் போனாலும் ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன்.

வெளியே வந்ததும் ஜெனிஷா என் நோட்டைப் பிடுங்கி எழுதினாள்: "எப்டில கேட்ட???"

"நா... நான் கேக்கவே இல்ல" என்றேன். அதுதான் உண்மை.

பிப்ரவரி 15, சனி

இன்னும் பன்னிரண்டு வீடு. ஏறக்குறைய எல்லா இடத்திலும் முதல் பதில் விலை. கொஞ்சம் பொறுத்தால் இரண்டாவது பதில் வருகிறது. ஒருவருக்கு மருமகளிடம் கேட்கக் கூச்சம். ஒருவருக்கு, தான் படத்துக்குப் போவதே வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது, டிக்கெட் செய்தி அவர் போனுக்குப் போய்விடுமாம். அதைச் சொல்லிவிட்டு அவர் வெட்கப்பட்டுச் சிரித்தது அழகாக இருந்தது.

ஜெனிஷாவுக்குத் தொண்டை சரியாகிவிட்டது. என்னைப் பார்த்து அவளும் பேசாமல் இருந்து பார்த்தாள். மூச்சுப் பிடித்த மாதிரி முகம் சிவந்து, "அப்ப விலைதான் காரணம்ங்கீங்க, அப்படித்தான?" என்று கொட்டிவிட்டாள். வெளியே வந்து, "முடியலல. எப்டித்தான் இருக்கியோ" என்றாள். இதுவரை எவரும் என்னைப் பார்த்து இப்படிப் பொறாமைப்பட்டதில்லை.

பிப்ரவரி 19, புதன்

மேடம் பேட்டிகளை எங்கள் முன்னாலேயே வாசித்தார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரொம்ப நல்லாருக்கு. ஆனா இது இன்னும் நிரூபணம் இல்ல. உங்களுக்குக் கெடச்சிருக்கிறது இப்பதான் ஒரு உருப்படியான கருதுகோள். சோதிச்சுப் பாக்க முடியுமா?"

முடியும்! பஸ்ஸிலேயே வரைந்துவிட்டேன். ஒரே படம் ஓடுகிற இரண்டு புதன்கிழமை. முதல் புதன் டிக்கெட் பாதி விலை, ஆனால் போனில் மட்டும். இரண்டாவது புதன் முழு விலை, ஆனால் கவுண்டர் திறந்திருக்கும். இரண்டுக்கும் அதே தெருக்களில் அதே அளவு நோட்டீஸ். விலையா கவுண்டரா, தெரிந்துவிடும்.

பிப்ரவரி 24, திங்கள்

அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை.

"கவுண்டர்னா ஆளப் போடணும், சில்லறைக்கு அலையணும். இம்புட்டு செலவழிச்சுப் புதுசாக்கிட்டு மறுபடி பழைய கம்பிக்குள்ள கைய விடச் சொல்லுதியளா? வெலையக் கொறச்சா வருவாவ. எனக்குத் தெரியாதா?"

ஜெனிஷா பேசினாள், பேசினாள், பேசினாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவள் மூச்சு வாங்கிய இடத்தில் நான் சண்முகவடிவு அம்மா சொன்னதை எழுதிய பக்கத்தை வாசித்தேன். திக்கித் திக்கி, நெடுநேரம். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் மேசைக் கண்ணாடியை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு புதன். அதுக்கு மேல கேக்கப்படாது" என்றார்.

மார்ச் 5, புதன்

பாதி விலை. வெளியில் பெரிய போர்டு. உள்ளே வழக்கமான கல்லூரிப் பையன்கள், கூடுதலாக ஒரு குடும்பம். அண்ணாச்சி காரில் ஏறிப் போனார். எனக்கு ஆடவேண்டும்போல் இருந்தது. ஆய்வாளன் ஆடக்கூடாது, பாதி சோதனைதான் முடிந்திருக்கிறது என்றாள் ஜெனிஷா. அவள் கால் தரையில் நிற்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

நாளைக்கு யாருமே வராவிட்டால்?

மார்ச் 12, புதன்

வந்தார்கள்! வந்தார்கள்! வந்தார்கள்!

முதலில் யாரும் இல்லை. கவுண்டரில் ஆப்பரேட்டரின் தம்பி உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். வெயில் சுட்டெரித்தது. ஜெனிஷா நகத்தைக் கடித்தாள். பிறகு தெருமுனையில் நாலு குடை தெரிந்தது. முன்னால் சண்முகவடிவு அம்மா. பின்னால் ஆட்டோவில் ஐந்து பேர். அதற்கப்புறம் எண்ணுவதே வேலையாகிவிட்டது. போன வாரத்தைப் போல நாலு மடங்கு வந்திருந்தார்கள். வரிசையில் எவ்வளவு சிரிப்பு! "எத்தன மாசமாச்சு இந்தப் பக்கம் வந்து" என்று ஒருவர் இன்னொருவர் தோளில் அடித்தார்.

அண்ணாச்சி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இறங்கி வந்தவர் நடுவழியில் நின்றுவிட்டார். வரிசையில் அவர் மனைவி, பக்கத்து வீட்டுக்காரியோடு.

"நீ என்ன இங்க? சொல்லிருந்தா கார் அனுப்பிருப்பேன்லா? உனக்கு எதுக்கு டிக்கெட்டு?"

"சொல்லணும்லா. அதான் சொல்லல" என்றார் அந்த அம்மா. பர்ஸைத் திறந்து காசை எண்ணிக் கவுண்டருக்குள் நீட்டினார்.

அண்ணாச்சி எங்களைப் பார்த்தார். உள்ளே போய் ஏசியைக் கூட்டச் சொன்னார். சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது.

ஜெனிஷா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். விட மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

மார்ச் 29, சனி

ஏப்ரல் ஏழாம் தேதி வாய்மொழித் தேர்வு. மதுரையிலிருந்து தேர்வாளர் வருகிறார். முடிவுகளைச் சொல்வது என் பகுதி. அதையும் ஜெனிஷாவிடமே தந்துவிட்டேன். நிம்மதி.

மார்ச் 30, ஞாயிறு

நிம்மதியாக இல்லை. திரும்ப வாங்கிக்கொண்டேன். "கேப்பேன்னு தெரியும். அத நான் படிக்கவே இல்ல" என்றாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

மாமா போன் செய்தார். வேலைக்குச் சேரும் தேதி கேட்டாராம். வழக்கம்போல் அம்மாதான் எடுத்துப் பேசினாள். "அவன் குளிச்சிட்டு இருக்கான்" என்றாள். நான் எதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு யார் போன் செய்தாலும் நான் குளித்துக்கொண்டுதான் இருப்பேன். அவள் அப்படிச் சொல்லியே என்னைக் காப்பாற்றி வந்திருக்கிறாள்.

ஏப்ரல் 7, திங்கள்

தேர்வாளர் வெள்ளைச் சட்டை போட்ட, கறாரான மனிதர். ஜெனிஷா முன்னுரையை அடித்து நொறுக்கினாள். என் முறை வந்தது. வரைபடங்களைக் காட்டி, திக்கிய இடத்தில் நின்று, வந்த இடத்தில் ஓடி, ஒருவழியாக முடித்தேன்.

"சரிப்பா, வெலை இல்லைங்கிறீங்க. அப்ப அந்தப் பெண்களத் தடுத்தது எதுன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க பார்ப்போம்."

"ப்... ப்..."

அவர் நல்ல எண்ணத்தில்தான் முன்னால் சாய்ந்து எடுத்துக் கொடுத்தார்: "ப்ரைஸ்?"

ஜெனிஷாவின் கை மேசையில் அசைந்து நின்றது. இப்படி எத்தனையோ பேர் எனக்கு வார்த்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். சரியோ தவறோ தலையாட்டிவிடுவேன். சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் இன்று தலையாட்டினால் அது பொய்யாகிவிடும். எங்கள் ஆய்வு முழுக்கப் பொய்யாகிவிடும்.

"இல்ல சார்" என்றேன். அது மட்டும் தெளிவாக வந்தது.

பிறகு அவரையும் காத்திருக்க வைத்தேன். என்னையும்தான்.

"ப... பர்மிஷன்."

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். பேனாவை எடுத்து எதையோ எழுதினார்.

"ரெண்டாவது புதன் வேற படம் ஓடிருந்தா?"

"அதே படம் சார். ரெ... ரெண்டாவது வாரம் கூட்டம் கொறையத்தான் செய்யும். கூடுச்சு."

அதற்குப் பிறகு அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். எங்கே திக்கினேன், எங்கே திக்கவில்லை என்று இப்போது யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. ஜெனிஷாவுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அதற்காக அவள் சாயந்தரம் வரை என்னைத் திட்டினாள்.

கிளம்பும்போது தேர்வாளர் என்னைக் கூப்பிட்டார். "கிராமத்து நுகர்வோர் பத்தி ஒரு ஆய்வு ஆரம்பிக்கிறோம். வீடு வீடாப் போய்ப் பேச ஆள் தேடிக்கிட்டு இருக்கோம். நான் ஒண்ணும் வாக்குக் கொடுக்க மாட்டேன். நேர்முகத்துக்கு நிறையப் பேர் வருவாங்க. விருப்பம்னா எழுதிப் போடு."

சாயந்தரமே எழுதிப் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மதுரை வேலை கிடைக்குமா என்று தெரியாது. அம்பத்தூர் வேலைக்குப் போகப் போவதில்லை என்பது மட்டும் தெரியும். அப்பாவிடம் காலையிலேயே சொன்னேன். "யோசிச்சுத்தான சொல்லுத?" என்று கேட்டுவிட்டு, மோட்டார் பக்கம் போய்விட்டார். அம்மா அழவில்லை. "சரி, நான் மாமாட்ட பக்குவமா சொல்லிக்கிடுதேன்" என்று போனை எடுத்தாள்.

"நான் பே... பேசுதேன்" என்று வாங்கிக்கொண்டேன்.

மணி அடித்தது. மாமா எடுத்தார். "ஹலோ... ஹலோ? அக்கா? ஹலோ!" எனக்கு முதல் சொல் வரவில்லை. லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன். மறுபடி ஹலோ, மறுபடி ஒன்றும் வரவில்லை, மறுபடி வைத்துவிட்டார். அம்மா கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தேன்.

"மா... மாமா, நான்தான்."

"ஏல, பேச்சியா? நீயா பேசுத? அம்மைக்கு என்ன?"

"அம்மா நல்லாருக்கா. ப... பக்கத்துலதான் நிக்கா. மாமா, அந்த வேலைக்கு நான் வரல."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"பின்ன என்ன வேலைக்கு மருமவனே போப் போற?" மாமாவின் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "ஒனக்குத் தோதா வேற என்ன இருக்கு?"

சொல்ல வேண்டியது தெரியும். சொல்தான் வர நேரமாயிற்று. அம்மா நீட்டிய கையை மடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். மாமா ஹலோ சொல்லவில்லை, வைக்கவுமில்லை. அவர் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது. காத்துக்கொண்டிருந்தார்.

"பேசுத வேலைக்கு மாமா" என்றேன்.